ஒக்டேவியா ஹில் அம்மையாரும் ஒரு சிறு குளமும்

நூற்றாண்டு மலருக்கு உலகறிந்த பெண்மணி ஒருவரின் வாழ்க்கை வரலாற்றை எழுதித் தருமாறு மலர்க்குழுவினர் எம்மைக் கேட்டனர். எமது பாடசாலை மேடைகளில் புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரைப் பற்றி எத்தனையோ முறை பேசியாயிற்று. மேரி கியூரி அம்மையாருக்கும் குறைவில்லை. நாம் தேர்ந்தெடுத்த பெயரைக் கேட்டதும் குழுவிலிருந்த இளையவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக் கொண்டார்கள். ஒக்டேவியா ஹில்லா, யாரது?

காரணத்தைச் சொல்லிவிடுகிறோம். பிரதான மண்டபத்தின் பின்னால் இருக்கும் அல்லிக் குளத்தை மறந்தவர் எம்மில் எவரும் இருக்கமாட்டார். வலைப்பந்து விளையாட்டு முடிந்ததும் அதன் கட்டில் இருந்துதான் காலில் ஒட்டிய மண்ணைக் கழுவினோம். மழைக்காலத்தில் மேற்கு வளவின் தண்ணீரெல்லாம் வடிகானால் வந்து அந்தக் குளத்தில் விழும். குளம் நிரம்பினால் மறுபுறத்துக் கான் வழியாக வீதிக்குப் போகும். பல வருடங்களாக அந்தக் கானை ஒருவரும் வாரவில்லை. சென்ற கார்த்திகை மழையில் வெள்ளம் ஆறாம் வகுப்பறைகளுக்குள் புகுந்துவிட்டது. பின்னர் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து டெங்கு நுளம்பைக் காட்டி எச்சரித்துவிட்டுப் போனார். குளத்தை மண் போட்டு மூடிவிடலாம், வாகனம் நிறுத்த இடமும் கிடைக்கும் என்று வருடாந்தப் பொதுக்கூட்டத்தில் ஒரு பிரேரணை வந்தது. பாதிக் கைகள் உயர்ந்தன, பாதி உயரவில்லை. விடயம் இன்னும் முடிவாகவில்லை. அந்தக் கூட்டம் முடிந்து வீடு திரும்பும்போதுதான் எமக்கு ஒக்டேவியா அம்மையாரின் நினைவு வந்தது.

அவர் 1838ஆம் ஆண்டு மார்கழி 3ஆம் திகதி இங்கிலாந்தின் கிழக்கே விஸ்பீச் என்னும் சிற்றூரில் பிறந்தார். தகப்பனாருக்கு எட்டாவது மகள். எட்டாமவள் என்ற பொருளிலேயே இலத்தீன் மொழியில் ஒக்டேவியா என்று பெயர் வைத்தார்கள். விஸ்பீச் ஒரு சதுப்பு நாட்டின் நடுவே இருக்கிறது. பதினேழாம் நூற்றாண்டிலே ஒல்லாந்துப் பொறியியலாளரைக் கொண்டு வாய்க்கால் வெட்டி நீரை வடித்து அந்தச் சதுப்பை வயலாக்கினார்கள். வடித்ததோடு வேலை முடியவில்லை. நீர் போகப் போக முற்றா நிலக்கரி மண் காய்ந்து சுருங்கி நிலமே கீழே இறங்கியது. அதே சதுப்பு நாட்டில் ஹோம் என்னுமிடத்தில் 1850ஆம் ஆண்டளவில் தலை மட்டும் நிலமட்டத்தில் நிற்கும்படி புதைத்த ஓர் இரும்புத் தூண், இன்று ஏறத்தாழ 4 மீற்றர் வெளியே நிற்கிறது. நிலம் இறங்க இறங்க வாய்க்காலை இன்னும் ஆழமாக்க வேண்டும், நீரை இன்னும் உயரத்துக்கு இறைக்க வேண்டும். தண்ணீரோடு தொடங்கிய வேலைக்கு ஓய்வில்லை என்பதை அந்த ஊர்க் குழந்தைகள் பார்த்தே வளர்வார்கள்.

ஒக்டேவியாவோ அங்கே அதிக காலம் வளரவில்லை. தகப்பனார் ஜேம்ஸ் ஹில் தானிய வியாபாரி, வங்கியும் நடத்தியவர். ஒக்டேவியாவுக்கு இரண்டு வயதாகுமுன்னரே அவர் வங்குரோத்தானார். மனமும் உடைந்து போயிற்று. தாயார் கரோலின் அம்மையார் பெண்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தம் தந்தையாரின் ஆதரவில் வாழ வேண்டியதாயிற்று. அந்தப் பாட்டனார் சாதாரணமானவர் அல்லர். தோமஸ் சவுத்வூட் சிமித் என்னும் அவர் இலண்டன் காய்ச்சல் மருத்துவமனையின் வைத்தியர். காய்ச்சல் ஏழைகளின் தலைவிதி அல்ல, அவர்கள் வாசலில் தேங்கி நிற்கும் சாக்கடையோடு சம்பந்தப்பட்டது என்று அரசாங்கத்துக்கு அறிக்கைமேல் அறிக்கை எழுதியவர். 1848இல் இங்கிலாந்தில் பொதுச் சுகாதாரச் சட்டம் வந்ததில் அவருக்கும் பங்குண்டு. பேரப்பிள்ளைகள் அவருடைய வீட்டில் கேட்டு வளர்ந்த கதைகள் வடிகான்களைப் பற்றியவை. கேட்கச் சிரிப்பாக இருக்கலாம். பிற்காலத்தில் ஒக்டேவியா அம்மையார் எந்த வீட்டைப் பொறுப்பேற்றாலும் முதலில் கானைத்தான் பார்த்தார் என்பதை அறிந்தால் சிரிப்பு அடங்கிவிடும்.

1852இல் தாயார் இலண்டனில் பெண்களுக்கான ஒரு கைத்தொழில் கூட்டுறவு நிலையத்தில் முகாமையாளராகச் சேர்ந்தார். பதினான்கு வயதளவிலேயே ஒக்டேவியா அங்கே விளையாட்டுப் பொருட்கள் செய்யும் பகுதிக்குப் பொறுப்பானார். வேலை செய்தவர்கள் பரம ஏழைப் பிள்ளைகள், அவரிலும் இளையவர்கள். அவர்கள் வாழும் நிலவறைகளையும் ஒற்றை அறைகளையும் அவர் அப்போதுதான் பார்த்தார். ஓய்வு நாளில் அந்தப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நகரின் வடக்கே புல்வெளிகளுக்கு நடந்து போவார். பசும்புல்லையும் நீரோடையையும் அதற்குமுன் காணாத பிள்ளைகள் அவர்களில் இருந்தார்கள்.

பின்னர் தொழிலாளர் கல்லூரியில் பெண்கள் வகுப்புகளுக்குச் செயலாளராக இருந்தார். ஓவிய விமர்சகர் ஜோன் ரஸ்கினுக்குப் படங்களைப் பார்த்து வரைந்து கொடுத்துச் சம்பாதித்தார். தந்தையார் விட்ட கடனைப் பிள்ளைகள் உழைத்தே அடைத்தார்கள். 1862இல் சகோதரிகள் சேர்ந்து நொட்டிங்ஹம் பிளேஸ் என்ற தெருவில் தம் வீட்டிலேயே பெண்பிள்ளைகளுக்கு ஒரு பாடசாலை தொடங்கினார்கள். பாடத்தோடு வீட்டுவேலையையும் பிள்ளைகளே பார்க்க வேண்டும் என்பது அங்கே ஒழுங்கு. எமது விடுதியில் முறை வைத்து முற்றம் கூட்டிய சகோதரிகளுக்கு இதைப் பற்றி அதிகம் விளக்கத் தேவையில்லை.

1864இல் ரஸ்கினின் தந்தையார் காலமாகிப் பெருஞ்சொத்து மகனுக்கு வந்தது. அடுத்த ஆண்டு ஒக்டேவியா அம்மையாரின் வேண்டுகோளுக்கு இணங்கி மேரிலபோன் பகுதியில் மூன்று வீடுகளின் குத்தகையை 750 பவுண் கொடுத்து ரஸ்கின் வாங்கினார். தெருவின் பெயர் பரடைஸ் பிளேஸ், அதாவது சுவர்க்கபுரி! ஓர் அறைக்கு ஒரு குடும்பம். ஓட்டைக் கூரை, உடைந்த யன்னல், அடைத்துக் கிடந்த கான். போட்ட பணத்துக்கு ஆண்டுக்கு நூற்றுக்கு ஐந்து வீதம் இலாபம் கொடுப்பதாக அம்மையார் ஒப்புக்கொண்டார். அதற்கு மேல் வாடகையில் மிஞ்சுவது வீடுகளுக்கே திரும்பும். எதைத் திருத்துவது என்பதில் குடியிருப்போருக்கும் சொல் உண்டு. கானும் தண்ணீர்த் தொட்டியும் கூரையும் முதலில். அழகு பிறகு. திருத்தியதைக் குடியிருப்போர் பேணுகிறார்களா என்று பார்த்துத்தான் அடுத்த திருத்தத்துக்குப் போவார்.

அடுத்த ஆண்டு பிரெஷ்வோட்டர் பிளேஸ் என்ற இடத்தில் இன்னும் சில வீடுகளும் அவற்றோடு ஒரு துண்டு வெறும் நிலமும் கிடைத்தன. அந்த நிலத்தை அவர் பிள்ளைகளின் விளையாட்டு முற்றமாக்கினார், மரம் வைத்தார், கொடி படரவிட்டார். அயலார் முதலில் கல்லெறிந்தார்கள். அவர் திரும்பவும் மரம் வைத்தார். 1874 அளவில் பதினைந்து குடியிருப்புத் தொகுதிகளில் ஏறத்தாழ 3,000 பேர் அவருடைய பராமரிப்பில் இருந்தார்கள்.

அத்தனை வீடுகளை ஒருவர் பார்க்க இயலாது. அம்மையார் வசதியான வீட்டுப் பெண்களைத் தொண்டர்களாகச் சேர்த்தார். அவர்களில் சிலர் பிற்காலத்தில் தாமே பெயர் பெற்றார்கள். எம்மா கொன்ஸ் அம்மையார் இலண்டனில் ஓல்ட் விக் நாடக அரங்கை நடத்தியவர். ஹென்ரியட்டா பார்னெட் அம்மையார் ஹாம்ஸ்டெட் தோட்டப் புறநகரை உருவாக்கியவர். ஆனால் அப்போது அவர்களிடம் கேட்கப்பட்டது, குறித்த முற்றத்துக்கு ஒவ்வொரு கிழமையும் போவது. வாடகையை வாங்குவது, கணக்கு எழுதுவது, எந்தக் கான் அடைத்தது, எந்தப் படி உடைந்தது என்று குறிப்பது, அதைத் திருத்துவிப்பது. ஒருநாள் பெருந்தொகையாக வந்து படம் எடுத்துக்கொண்டு போகும் சிரமதானங்களில் நாமும் கலந்துகொண்டிருக்கிறோம். அவை வேண்டாமென்று சொல்ல மாட்டோம். ஒக்டேவியா அம்மையார் அவற்றை நம்பவில்லை. ஐம்பது பேர் ஒருநாள் வருவதைவிட ஒருவர் ஐம்பது கிழமை வருவதையே அவர் விரும்பினார்.

1872 முதல் 1911 வரை இந்தச் சக ஊழியர்களுக்கு அவர் அச்சிட்ட மடல் ஒன்றை ஆண்டுதோறும் எழுதினார். தூரத்தில் இருந்து பணம் அனுப்பியவர்களுக்கும் அது போகும். வந்த கொடைக்கும் செய்த செலவுக்கும் கணக்கு அதில் இருக்கும். வெளிநாட்டுக் கிளைகளின் பணத்துக்குக் கணக்கு அனுப்பத் தாமதித்ததற்காக நாம் வாங்கிய பேச்சை நினைத்துக்கொண்டு இதை எழுதுகிறோம்.

1877 அம்மையாருக்குக் கெட்ட ஆண்டு. ரஸ்கினோடு மனத்தாங்கல் ஏற்பட்டு, அவர் தம் பத்திரிகையில் அம்மையாரைப் பகிரங்கமாகத் தாக்கி எழுதினார். வேலைப்பளுவும் மனவேதனையும் சேர்ந்து அவரைப் படுக்கையில் வீழ்த்தின. பல மாதங்கள் ஐரோப்பாவில் ஓய்வெடுக்க வேண்டியதாயிற்று. அப்போது துணையாக வந்த ஹரியட் யோர்க் அம்மையார் கடைசிவரை உடனிருந்தார். அம்மையார் இல்லாத அந்தக் காலத்தில் வீடுகள் கெட்டுப்போகவில்லை. வாரந்தோறும் போகவேண்டியவர்கள் போனார்கள். தம் வாழ்நாளில் அவர் பெற்ற பெருமைகளில் இதையே பெரிதாக நாம் எண்ணுகிறோம். 1887இல் விக்டோரியா மகாராணியாரின் பொன்விழா ஆராதனைக்கு, கணவர் பெயராலன்றித் தம் சொந்தப் பெயராலேயே அழைக்கப்பட்ட மூன்று பெண்களுள் அவர் ஒருவர் என்பார்கள். மற்றவர்கள் நைட்டிங்கேல் அம்மையாரும் ஜோசபின் பட்லர் அம்மையாரும். அது இரண்டாவது பெருமை.

இதற்கிடையில் வீடுகள் மட்டும் போதா, வெளியும் வேண்டும் என்ற எண்ணம் அவரிடம் பலமாகிக்கொண்டிருந்தது. தமக்கை மிராண்டா ஹில் அம்மையார் ஏழைகளின் வாழ்வில் அழகைக் கொண்டுவரவென்று ஒரு சங்கம் தொடங்கினார். கேர்ல் சங்கம் என்பது அதன் பெயர். பதினேழாம் நூற்றாண்டில் ரொஸ் என்னும் ஊரில் வாழ்ந்து, ஊராருக்குப் பொதுத் தோட்டமும் அதிலிருந்து ஊருக்குத் தண்ணீரும் கிடைக்கச் செய்த ஜோன் கேர்ல் என்ற நல்லவரின் பெயரை அதற்கு வைத்தார்கள். தோட்டமும் நீரும் அங்கேயே சேர்ந்துவிட்டன, பாருங்கள். ஒக்டேவியா அம்மையார் அதன் பொருளாளர். தாம் சிறுவயதில் அந்தப் பிள்ளைகளைக் கூட்டிச் சென்ற வெளிகளுக்கு அண்மையில் இருந்த சுவிஸ் கொட்டேஜ் வயல்களைக் காக்க 1875இல் பணம் சேர்த்தார். தோற்றார். அங்கே வீடுகள் எழுந்தன. தோல்வியால் அவர் சோர்ந்துவிடவில்லை; கைவிடப்பட்ட இடுகாடுகளையும் சிறு மூலை நிலங்களையும் தோட்டமாக்கத் தொடங்கினார்.

1884இல் இங்கிலாந்துத் திருச்சபையின் சொத்துக்களை நிருவகித்த ஆணையாளர்கள், தேம்சு நதியின் தென்கரையில் சவுத்வார்க் பகுதியில் இருந்த தம் வீடுகளைப் பார்த்துக்கொள்ளும்படி அவரிடம் ஒப்படைத்தார்கள். இலண்டனிலேயே நெருக்கமும் வறுமையும் மிகுந்த இடங்களில் அது ஒன்று. அங்கே ரெட்குரொஸ் வீதியில் ஒரு ஏக்கரில் மூன்றிலொரு பங்கு நிலம் சும்மா கிடந்தது. அந்தப் பெயருக்கும் எமக்குத் தெரிந்த செஞ்சிலுவைச் சங்கத்துக்கும் சம்பந்தமில்லை. தெருவின் பெயர்தான் அது. சும்மா கிடந்தது என்றா சொன்னோம்? எரிந்துபோன கடதாசி ஆலையொன்றின் எச்சம் ஆளுயரத்துக்குச் சற்றுக் குறைய ஈரக் குவியலாகக் கிடந்தது. அதை எரித்து முடிக்கவே ஆறு கிழமை பிடித்தது. 1887இல் வேலை தொடங்கி அடுத்த ஆண்டு தோட்டம் திறக்கப்பட்டது. கேர்ல் சங்கத்தைச் சேர்ந்த எமெலின் சீவ்கிங் என்ற பெண்மணி அதன் அமைப்பைத் திட்டமிட்டார்.

வளைந்து செல்லும் பாதை, புற்றரை, பாண்ட் வாத்தியம் வாசிக்க ஒரு மேடை, நடுவே சிறு குளம், அதில் ஒரு நீரூற்று, குளத்தின்மேல் ஒரு சிறு பாலம். ஓரத்தில் ஆறு கூரை முகடுகள் தெரியும் சிறு வீடுகளின் வரிசை. பக்கத்தில் ஒரு மண்டபம். அந்த மண்டபத்துச் சுவர்களில் அரசர்களை அன்றிச் சாதாரண மனிதரின் வீரச்செயல்களை ஓவியர் வோல்டர் கிரேன் தீட்டினார். 1885இல் அயல் தெருவில் தீப்பிடித்த வீட்டிலிருந்து மூன்று குழந்தைகளைக் காப்பாற்ற முயன்று உயிர்விட்ட அலிஸ் எயர்ஸ் என்ற பணிப்பெண்ணுக்கும் அங்கே இடம் கிடைத்தது.

மூன்றிலொரு பங்கு ஏக்கரில் குளம் எதற்கு என்று கேட்டவர்கள் அன்றும் இருந்திருப்பார்கள். ஒற்றை அறையில் எட்டுப் பேராக வாழும் பிள்ளைக்கு, வானம் தெரியும் தண்ணீர் ஒன்று வேண்டும் என்பதே அம்மையாரின் கட்சி. ஆனால் குளம் புற்றரையைப் போல அல்ல. புல்லை ஒரு மாதம் விட்டால் வளரும், வெட்டலாம். நகரத்துக் குளத்தில் மழை தெருப் புழுதியைக் கொண்டுவந்து கொட்டும். இலையுதிர்காலத்தில் மரங்களின் இலையெல்லாம் நீரில் விழும். இலை அழுகினால் நீரிலிருக்கும் ஒட்சிசன் குறையும், பாசி பிடிக்கும், மணக்கும். வழிந்தோடும் குழாயின் வாயை நான்கு இலைகள் அடைத்தால் போதும், பெருமழையில் தண்ணீர் பாதையில் நிற்கும். அடியில் சேறு ஆண்டுக்கு ஒரு விரல் கூடினாலும் பத்து வருடத்தில் குளம் கிண்ணமாகிவிடும்.

குளம் வாருவோர் அறிந்த முறைகள் சில உண்டு. உயிர்கள் குஞ்சு பொரிக்கும் காலத்தில் கை வைப்பதில்லை. ஒரே தடவையில் முழுவதையும் வாருவதுமில்லை. ஒரு பகுதியை வாரி, மறுபகுதியை அடுத்த முறைக்கு விடுவார்கள். வாரிய பாசியை ஓரிரு நாள் கரையிலேயே வைப்பார்கள், அதில் அகப்பட்ட நத்தையும் பூச்சியும் திரும்ப நீருக்குள் போய்விடும். அதன்பின்தான் அது குப்பைக் குழிக்கு. கானை எப்போதும் கீழ்முனையிலிருந்து மேல்நோக்கித் துப்புரவாக்க வேண்டும், இல்லாவிட்டால் மேலே வாரியது கீழே போய் அடைக்கும். இதையெல்லாம் மண்வெட்டியும் கடகமும் பிடித்த எவருக்கும் இரண்டு நாளில் சொல்லிக் கொடுக்கலாம். கடினம் வேலையில் இல்லை. அடுத்த மாதமும் வருவதில் இருக்கிறது.

இந்தக் காலத்தில்தான், நாட்டின் மறுகரையில் அல்ல, அதே தென்கரையிலே டெப்ட்போர்ட் என்னுமிடத்தில், அவர் பெயரை உலகமெங்கும் கொண்டுசென்ற காரியம் தொடங்கியது. அங்கே செய்ஸ் கோர்ட் என்ற பழம்பெருந்தோட்டம் இருந்தது. பதினேழாம் நூற்றாண்டில் ஜோன் ஈவ்லின் என்ற நாட்குறிப்பாளர் உண்டாக்கியது. 1698இல் ருசியாவின் பீற்றர் மன்னர் அங்கே குடியிருந்தபோது, தள்ளுவண்டியில் தம்மை வைத்துத் தள்ளச் சொல்லி ஈவ்லினின் அருமையான வேலியை நாசமாக்கினார் என்பது அவ்வூர்க் கதை. ஈவ்லினின் சந்ததியார் 1884இல் அதை மக்களுக்குக் கொடுக்க விரும்பி அம்மையாரை நாடினார். கொடுக்க ஆள் உண்டு, என்றென்றும் வைத்துப் பராமரிக்கச் சட்டப்படி உரிமையுள்ள அமைப்பு எதுவும் நாட்டில் இல்லை! அம்மையாரும் சட்டத்தரணி ரொபேர்ட் ஹண்டரும் அப்படியோர் அமைப்பை உண்டாக்க யோசித்தார்கள். அம்மையார் ஒரு பெயர் எழுதி அனுப்ப, ஹண்டர் அக்கடிதத்தின் மேல் பென்சிலால் வேறொரு பெயரைக் கேள்விக்குறியோடு எழுதினார். அதுதான் நஷனல் ட்ரஸ்ட். பத்தாண்டு கழித்து 1895 தை 12ஆம் திகதி அவர்களும் ரோன்ஸ்லி என்ற பாதிரியாரும் சேர்ந்து அதைப் பதிவு செய்தார்கள். செய்ஸ் கோர்ட் தோட்டத்தின் பெரும்பகுதி அதற்குள் கைநழுவிவிட்டது.

ட்ரஸ்டின் முதற்கொடை வேல்ஸ் நாட்டுக் கடற்கரைக் குன்றொன்று. 1899இல் 10 பவுணுக்கு விக்கன் சதுப்பில் இரண்டு ஏக்கர் வாங்கினார்கள். அம்மையார் பிறந்த சதுப்பு நாட்டில் வடிக்கப்படாமல் எஞ்சிய துண்டுகளில் அது ஒன்று. சுற்றிலும் வடித்த வயல்கள் தாழ்ந்துபோக, சதுப்பு மட்டும் மேடாக நிற்கிறது. அதன் நீர் நாலுபுறமும் கசிந்து போகாமல் கரை கட்டிக் காக்கிறார்கள். அங்கே நிற்கும் பழைய காற்றாடிப் பம்பி ஒருகாலத்தில் சதுப்பிலிருந்து நீரை வெளியே இறைத்தது. இன்று உள்ளே இறைக்கிறது.

அம்மையாரைப் பற்றி நல்லதை மட்டும் எழுதினால் மலர் படிக்கும் மூத்த ஆசிரியைகள் எம்மை மன்னிக்கமாட்டார்கள். வாடகை தராதவர்களிடம் அவர் கண்டிப்பானவர், வெளியேற்றவும் தயங்கவில்லை. அரசாங்கமே வீடு கட்டிக் கொடுப்பதையும் முதியோருக்கு ஓய்வூதியம் கொடுப்பதையும் எதிர்த்தார். ஏழைகள் தம் காலில் நிற்பது கெடும் என்பது அவர் எண்ணம். அதைவிட எமக்கு விழுங்கக் கடினமானது, பாராளுமன்றத் தேர்தலில் பெண்களுக்கு வாக்குரிமை வேண்டாம் என்று அவர் எழுதியது. 1931இலேயே வாக்குச் சாவடிக்குப் போன பாட்டிமாரின் பேர்த்திகள் நாம். இத்தனை பெண்களை வேலைக்குப் பழக்கி, கணக்குப் புத்தகத்தை அவர்கள் கையில் கொடுத்தவர் ஏன் அப்படி எண்ணினார்? எமக்குப் பிடிபடவில்லை. தொண்டு மாத்திரம் போதும் என்று நம்பியதும் பிழைதான். இலட்சக்கணக்கான வீடுகளை வாரம் ஒருமுறை வரும் பெண்மணிகளால் கட்டிவிட முடியாது. அவரே நாளடைவில் பயிற்சி பெற்ற, சம்பளம் பெறும் பெண்களை அதிகமாகச் சேர்த்தார்.

1898இல் சக ஊழியர்கள் பணம் சேர்த்து, சார்ஜன்ட் என்ற பெரிய ஓவியரைக் கொண்டு அவருடைய படத்தை வரைவித்தார்கள். கடைசி ஆண்டுகளில் தென் இலண்டனில் ஓடும் வொண்டில் என்ற சிற்றாற்றின் கரைகளைத் துண்டு துண்டாக வாங்கிக் காப்பதில் ஈடுபட்டிருந்தார். 1912 ஆவணி 13ஆம் திகதி காலமானார். வெஸ்ட்மினிஸ்டர் தேவாலயத்தில் அடக்கம் செய்ய வந்த வேண்டுகோளைக் குடும்பத்தார் ஏற்கவில்லை. கென்ட் மாகாணத்தில் குரொக்கம் ஹில் என்னும் கிராமத்துத் தேவாலய வளவில், தமக்கை மிராண்டாவின் அருகில் உறங்குகிறார்.

இனி அந்தக் குளத்தின் கதை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ரெட்குரொஸ் தோட்டத்தைச் சுலபமாகப் பராமரிக்க வேண்டுமென்று, குளத்தை மூடி, மேடையையும் அகற்றி, வெறும் புற்றரையாக்கிவிட்டார்கள். ஒரு கூட்டத்தில் கை உயர்த்தித்தான் அதுவும் முடிவாகியிருக்கும் என்று எமக்குத் தோன்றுகிறது. அரை நூற்றாண்டு அப்படியே கிடந்தது. பின்னர் பாங்சைட் திறந்தவெளிகள் அறக்கட்டளை என்ற உள்ளூர் அமைப்பு, பழைய திட்டத்தைப் பார்த்து 2005, 2006ஆம் ஆண்டுகளில் தோட்டத்தைத் திரும்ப அமைத்தது. குளத்தைத் தோண்டினார்கள், கரை கட்டினார்கள், பாதைகளை வளைத்தார்கள். பேணிவந்திருந்தால் இத்தனை செலவு வந்திராது. இன்று தொண்டர்கள் முறை வைத்து வந்து பாத்திகளையும் குளத்தையும் பார்க்கிறார்கள்.

எமது பிரேரணைக்குத் தொடர்புள்ள இன்னொரு செய்தி. ஒக்டேவியா அம்மையாரின் முறையைப் பின்பற்றி எடின்பரோ நகரில் சங்கம் அமைத்தவர்களுள் பற்றிக் கெடிஸ் என்ற பேராசிரியர் ஒருவர். அவரே பிற்காலத்தில் நகரத் திட்டங்களுக்காக இந்தியா வந்து, தமிழ்நாட்டு ஊர்களையும் பார்த்தார். 1921இல் கொழும்புக்கும் ஒரு திட்டம் எழுதினார். மலேரியாவுக்கு அஞ்சி ஊர்க்குளங்களை மூட அதிகாரிகள் முனைந்த காலம் அது. மூடாதீர்கள், வாருங்கள், மீன் விடுங்கள், மீன் குடம்பியைத் தின்னும் என்பதே அவர் கொடுத்த ஆலோசனை. குளத்தை மூடினால் மழை வெள்ளம் எங்கே போகும் என்றும் அவர் யோசித்தார். எமது ஆறாம் வகுப்பறைகளின் சுவரில் சென்ற கார்த்திகையின் நீர்க்கோடு இன்னும் தெரிகிறது.

அடுத்த பொதுக்கூட்டம் புரட்டாதி மாதத்தில், மழைக்கு முன். அதற்குள் ஊரிலுள்ளவர்களில் பன்னிரண்டு பேர் மாதத்துக்கு ஒருவராகப் பெயர் கொடுத்தால், கானையும் குளத்தையும் ஒரு வருடம் வாரிப் பார்த்துவிட்டுப் பிறகு பிரேரணையை எடுக்கலாம் என்று செயற்குழு சம்மதித்திருக்கிறது. இதை எழுதும்போது ஏழு பெயர் வந்துவிட்டது. அதில் இரண்டு பேர் எழுபது வயதைத் தாண்டியவர்கள், கடகம் தூக்க மாட்டோம், நின்று வேலை வாங்குவோம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள்.

இலண்டன் கிளைச் சகோதரிகளுக்கு ஒரு வேண்டுகோள். பரோ நிலக்கீழ் ரயில் நிலையத்தில் இறங்கினால் ரெட்குரொஸ் தோட்டம் சில நிமிட நடை. உள்ளே போகக் கட்டணம் இல்லை. ஒரு சனிக்கிழமை போய், குளத்து நீர் எந்த வழியாக வருகிறது, எந்த வழியாகப் போகிறது, கரையை எப்படிக் கட்டியிருக்கிறார்கள் என்று பார்த்துப் படமெடுத்து அனுப்புங்கள். தொண்டர் எவரேனும் நின்றால், இலை விழும் காலத்தில் குழாயின் வாய்க்கு என்ன வலை போடுகிறார்கள் என்றும் கேட்டு எழுதுங்கள்.